பெயர் வந்தது, ஆள் வரவில்லை

சென்ற மாதம் இளையவர்கள் நீங்கள் என்னை உங்கள் கணினி அறைக்கு அழைத்துக் காப்பி கொடுத்தீர்கள். அங்கே ஒரு பெண் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரியைத் தட்டிக் காட்டினாள். எங்கோ இருக்கும் ஒரு கணினி, தன்னிடம் என்னென்ன சேவைகள் உண்டு என்று வரிசையாகச் சொன்னது. அவற்றில் ஒன்றைப் பெயர் சொல்லி அழைத்து, கேட்க வேண்டியதைக் கேட்டாள். பதில் வந்து விழுந்தது. "இதெல்லாம் உங்க காலத்துல இல்லைலா, ஆன்ட்டி?" என்றாள். இருந்தது என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். சொல்வதற்கு அன்று நேரம் இல்லை. அதனால் எழுதி அனுப்புகிறேன்.

நாடு சுதந்திரம் பெற்ற சமயத்தில் நான் மலாக்கா தந்தி அலுவலகத்தில் டெலிபிரிண்டர் இயக்குபவளாகச் சேர்ந்தேன். பிறந்தது ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தட்டச்சுப் படித்திருந்ததால் வேலை கிடைத்தது. வேலை கிடைத்ததால் அம்மாவை அழைத்துக்கொண்டு காஜா பேராங்கில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தேன். அலுவலகம் பண்டார் ஹிலிரில் இருந்தது. சைக்கிளில் போய்வருவேன்.

டெலிபிரிண்டர் என்பது தட்டச்சு இயந்திரம் போலத்தான் இருக்கும். நாம் இங்கே தட்டுவது தொலைவில் உள்ள இன்னோர் இயந்திரத்தில் அச்சாகும். அவர்கள் தட்டுவது இங்கே அச்சாகும். எங்கள் இயந்திரத்துக்கு ஒரே ஒரு வாசல். வடக்கே ஒரு பெரிய ஊரின் தந்தி அலுவலகம். எந்த ஊருக்குப் போகும் செய்தியும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

விசைப்பலகையில் ஒரு விசை உண்டு. அதைத் தட்டினால் "யார் நீ?" என்று பொருள். தட்டிய உடனே எதிர்முனை இயந்திரம் தன் பெயரை அச்சிட்டு அனுப்பும். யாரும் அங்கே கை வைக்க வேண்டியதில்லை. இயந்திரத்துக்குள் ஒரு சிறிய உருளை இருக்கும். அதன் பற்களில் அந்த அலுவலகத்தின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். கேள்வி வந்ததும் உருளை ஒரு சுற்றுச் சுற்றிப் பெயரைச் சொல்லிவிடும். செய்தி அனுப்பும் முன் ஒரு முறை "யார் நீ?" கேட்க வேண்டும், அனுப்பிய பிறகு ஒரு முறை கேட்க வேண்டும். இரண்டு முறையும் சரியான பெயர் வந்தால் செய்தி சேர்ந்துவிட்டது. விதி அவ்வளவுதான்.

வேலையில் எனக்கு மூத்தவர் அருணாசலம். காஜா பேராங்கில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் செட்டிக் கிராமத்துக்காரர். மலாக்காச் செட்டிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்பவர்கள். கும்பிடுவது நம் சாமிகளை, வைத்துக்கொள்வது நம் பெயர்களை, பேசுவது மலாயை. அவருக்குத் தமிழ் வராது. இவ்வளவு அழகான பெயரை வைத்துக்கொண்டு தமிழ் பேசாமல் இருக்கிறாரே என்று முதல் வாரம் எனக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அவர் என்னை 'அடெக்' என்பார், தங்கச்சி. நான் 'அபாங்' என்பேன், அண்ணன். எங்கள் பேச்சு முழுவதும் மலாய்தான். இங்கே தமிழில் தருகிறேன்.

எங்களுக்கு மேலே இருந்த அதிகாரி பதவிக்குப் புதியவர். அவருக்கு முன்பு இருந்த வெள்ளைக்காரர் கப்பலேறிப் போனபின் அந்த நாற்காலிக்கு வந்த முதல் உள்ளூர்க்காரர். மலாய்க்காரர். பழக்கதோஷத்தில் நாங்கள் 'துவான்', அதாவது துரை, என்று அழைத்தால், "துவான் ஊருக்குப் போய்விட்டார். இஞ்சே என்றால் போதும்" என்பார். 'திரு' என்று அழைப்பது போல. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

அன்று காலை இடியும் மழையுமாக இருந்தது. வடக்கே போகும் டெலிபோன் கம்பியின் மேல் எங்கோ மரம் விழுந்து தொலைதூர டெலிபோன் முழுவதும் செத்துக் கிடந்தது. தந்திக் கம்பி வேறு வழியாகப் போனதால் தப்பியது. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆஸ்பத்திரி டிரெசர் நனைந்துகொண்டே வந்தார். டாக்டருக்கு அடுத்தபடியாக வார்டைப் பார்த்துக்கொள்பவரை அப்போது டிரெசர் என்போம். அருணாசலத்தைத் தாண்டி நேரே என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, டிப்தீரியா மருந்து தீர்ந்துபோச்சு. தொண்டை அடைக்குதே, அந்த நோவுக்கு. முந்தி வந்த பிள்ளைங்களுக்குப் போட்டதுல ஸ்டோக் காலி. வடக்க மருந்துக் கிடங்குலேருந்து வரணும். டிரங்க் கால்ல பேசலாம்னா லைன் இல்லை. பகல் வண்டியில ஏத்தினா நல்லது. விட்டா சாயங்கால மெயிலு. தம்பின் ஸ்டேஷன்ல எங்க வேன் போய் எடுத்துக்கும்."

"எத்தனை பிள்ளைங்க?"

அவர் அருணாசலம் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "செமாபோக்லேருந்து ஒரு பையன். இன்னொண்ணு அவரோட தங்கச்சி மகள். எனக்கு மலாயில இதைச் சொல்லத் தெரியாம இல்லை. சொல்ல வாய் வரலை. நீங்களே சொல்லிடுங்க."

நான் திரும்பிப் பார்த்தபோது அருணாசலம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். தங்கை மகள் மீனா ஆஸ்பத்திரியில் இருப்பது அவருக்குத் தெரியும். 'தொண்டை' என்ற சொல் புரிந்திருக்க வேண்டும். அல்லது டிரெசர் முகமே போதுமானதாக இருந்திருக்கும்.

"மருந்து இல்லையா?" என்று கேட்டார்.

"வடக்கேயிருந்து வரணும், அபாங்."

அவர் என்னைத் தட்டவிடவில்லை. தானே உட்கார்ந்தார். அவர் தட்டினால் இயந்திரம் ஒரே தாளத்தில் ஓடும். எங்கள் அறையில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. "யார் நீ?" கேட்டார். பெயர் வந்தது. மருந்துக் கிடங்குக்கு அவசரச் செய்தியைத் தட்டினார், ஒரு பெண் குழந்தைக்கு என்றும் சேர்த்து. மறுபடியும் "யார் நீ?" பெயர் வந்தது. டிரெசரைப் பார்த்துத் தலையசைத்தார். டிரெசர் மழையில் இறங்கிப் போனார்.

விதிப்படி வேலை முடிந்துவிட்டது. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

எனக்கு ஏதோ உறுத்தியது. அவசரச் செய்தி போனால் எதிர்முனையில் இருப்பவர் 'கிடைத்தது' என்று ஒரு சொல்லாவது தட்டுவது வழக்கம். விதியில் இல்லை, வழக்கம். அது வரவில்லை. அருணாசலத்திடம் சொன்னேன்.

"மத்தியான நேரம். கூட்டமாக இருக்கும்" என்றார்.

கொஞ்சம் பொறுத்தோம். பிறகு நான் பக்கத்தில் நின்றபடியே ஒரு வரி தட்டினேன்: "அங்கே மழையா?" அசட்டுக் கேள்விதான். ஆனால் அதற்கு உருளையால் பதில் சொல்ல முடியாது. ஆள் இருந்தால்தான் வரும். வரவில்லை. எதிர்முனையில் மணி அடிக்கும் விசையைத் தட்டினேன். அங்கே மணி அடித்திருக்கும். பதில் இல்லை.

அருணாசலம் என் கையை விலக்கிவிட்டு "யார் நீ?" தட்டினார். பெயர் வந்தது.

"பார், இருக்கிறான்."

"இயந்திரம் இருக்கிறது, அபாங். அது தன் பெயரைச் சொல்கிறது. ஆள் இருக்கிறானா என்று தெரியாது."

"லைன் நன்றாக இருக்கிறது. இயந்திரம் ஓடுகிறது. தாளில் அச்சாகிறது. பிறகு என்ன?"

"அச்சாகிறது. யார் படிக்கிறார்கள்?"

அதே செய்தியை மறுபடியும் தட்டத் தொடங்கினார். முடிவில் பெயர் வந்தது. மீண்டும் தட்டினார். மீண்டும் பெயர் வந்தது. ஒவ்வொரு முறை பெயர் வரும்போதும் அவர் தோள்கள் சற்றே தளர்வதைப் பார்த்தேன். அந்தப் பெயர் அவருக்கு அப்போது தேவைப்பட்டது. அவரைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. தடுத்துப் பிரயோஜனமும் இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நெருக்கடியில் நமக்கு ஒரு பதில் வந்தால், அது நாம் கேட்ட கேள்விக்கான பதில்தானா என்று பார்க்கத் தோன்றாது. பதில் வந்ததே பெரிது என்று இருக்கும். அருணாசலம் என்னைவிடத் திறமைசாலி. மற்ற எந்த நாளிலும் இதை எனக்கு முன்னால் அவர் கண்டுபிடித்திருப்பார். அன்று அவர் வீட்டுப் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தது.

எனக்கு இன்னொரு கம்பி ஞாபகம் வந்தது. ரயில்பாதையை ஒட்டி ரயில்வேக்கென்று தனித் தந்திக் கம்பி ஓடியது. மலாக்காவுக்கு வந்த பாதையை ஜப்பான்காரன் காலத்திலேயே பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். அதனால் தம்பின்தான் எங்கள் ஸ்டேஷன். தம்பினுக்கு உள்ளூர் டெலிபோன் போகும். தம்பினிலிருந்து ரயில்வே கம்பி அந்தப் பெரிய ஊர் ஸ்டேஷனுக்குப் போகும். ஆனால் அந்தக் கம்பியில் வெளியார் செய்தி போகக் கூடாது. எங்கள் துறையும் அவர்களிடம் கேட்கக் கூடாது. கேட்க வேண்டுமானால் மேலிடங்கள் இரண்டும் எழுத்தில் பேசி முடிக்க வேண்டும்.

அதிகாரியின் அறைக்குள் போனேன். சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எதிர்முனையில் ஆள் இல்லை என்பது நிச்சயமா?"

"நிச்சயம் இல்லை, இஞ்சே. இருக்கிறார் என்பதும் நிச்சயம் இல்லை."

"ஆள் இருந்து, வேலையும் நடந்துகொண்டிருந்தால், ரயில்காரர்களை நாம் தொந்தரவு செய்ததால் என்ன கெடும்?"

"அந்த அலுவலகத்தை நாம் நம்பவில்லை என்றாகிவிடும். உங்களுக்கு மேலிடத்திலிருந்து திட்டு விழும்."

"ஆள் இல்லாவிட்டால்?"

கதவுக் கண்ணாடி வழியாக அருணாசலத்தின் முதுகு தெரிந்தது. தட்டிக்கொண்டே இருந்தார். அதிகாரியும் அந்தப் பக்கம்தான் பார்த்தார்.

"கூப்பிடுங்கள் மிஸ் சரோஜா. நான் கூப்பிடச் சொன்னேன் என்று சொல்லுங்கள்" என்றார். பிறகு டெலிபோனை என் பக்கம் நகர்த்திவிட்டு, தன் நாற்காலியிலிருந்து எழுந்து எனக்கு இடம் விட்டார்.

பதவிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை அவருக்கு. உள்ளூர்க்காரன் அந்த நாற்காலியில் எப்போது தவறுவான் என்று காத்திருந்தவர்கள் உண்டு. அது அவருக்குத் தெரியும். அவர் எனக்குப் பாடம் எதுவும் நடத்தவில்லை. எந்தப் பக்கம் தவறினால் இழப்பு சிறிது, எந்தப் பக்கம் தவறினால் பெரிது என்று மட்டும் பார்த்தார். என் வேலைக்காலம் முழுவதும், முடிவெடுக்க முடியாமல் நின்றபோதெல்லாம் அந்த இரண்டு கேள்விகளைத்தான் நானும் கேட்டுக்கொண்டேன்.

தம்பின் ஸ்டேஷன் மாஸ்டர் எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அன்றைக்கு ரயில்வேயில் அவர்கள் நிறையப் பேர். குரலை வைத்தே கண்டிப்பானவர் என்று தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"பிள்ளை, ரயில்வே வயர் ரயில்வே விசயத்துக்கு மட்டுந்தான். வெளியார்ட செய்தி ஒண்டும் போடேலாது. போட்டால் என்ர வேலை போயிடும்."

குழந்தைகள் சாகக் கிடக்கிறார்கள் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவர் விதியை இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன். மனிதரைக் குற்றவாளியாக்கினால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். அதனால் வேறு மாதிரி கேட்டேன்.

"சரிங்க சார். அந்த வயர்ல நீங்க என்னென்ன கேக்கலாம்?"

இப்படி யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"என்னென்ன எண்டால்... வண்டி எப்ப வெளிக்கிடுது எண்டு கேக்கலாம். எத்தினை பெட்டி எண்டு கேக்கலாம். தம்பினுக்குப் பார்சல் ஏதும் வருதோ எண்டு கேக்கலாம்."

"பார்சல் வருதான்னு கேக்கலாமா?"

"ஓம், அது என்ர வேலைதானே."

"அப்போ, மலாக்கா ஆஸ்பத்திரிக்கு ஒரு மருந்துப் பார்சல் வருதான்னு கேளுங்க சார். டிப்தீரியா மருந்து. மருந்துக் கிடங்குலேருந்து வரணும். எடுத்துக்க வேன் உங்க ஸ்டேஷனுக்கு வரும். சின்னப் பிள்ளைங்களுக்கு."

"நீர் கெட்டிக்காரிதான், பிள்ளை. வையும். நானே எடுக்கிறன்" என்றார்.

உங்கள் அறையில் அந்தப் பெண் முதலில் தட்டிய வரி இதுதான். உன்னிடம் என்னென்ன உண்டு என்று கேட்டாள். அது தெரிந்த பிறகே தனக்கு வேண்டியதை அந்தப் பெயரில் கேட்டாள். எனக்கு வேண்டியதை என் மொழியில் கேட்டால் 'முடியாது' என்று வந்தது. அவரால் முடிவதில் எது எனக்கு உதவும் என்று கேட்டபோது வழி திறந்தது. இதை அப்போது நான் யோசித்துச் செய்யவில்லை. வேறு வழி தெரியாமல் கேட்ட கேள்வி அது.

டெலிபோன் மணி அடித்தபோது அதிகாரி எடுக்காமல் என்னைப் பார்த்தார். எடுத்தேன்.

"பிள்ளை, அப்பிடி ஒரு பார்சல் பதியேல்லையாம். பகல் வண்டி வெளிக்கிட்டுட்டுது. அதிலயும் ஏத்தேல்லை."

"அப்போ மருந்து?" என்றேன்.

"பொறும், நான் சும்மா விடேல்லை. வேன் வருகுது, டிரெசர் வருகிறார், பார்சல் எங்க எண்டு கேட்டனான். ரயில்வேக்குக் கெட்ட பேர் வரப் போகுது எண்டும் ஒரு சொல்லுப் போட்டனான். பார்சல் கிளார்க் கிடங்குக்கு ஆள் அனுப்பிட்டார். மெயிலுக்கு இன்னும் நேரம் கிடக்கு."

இந்தச் சேதியை அருணாசலத்திடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அறைக்குள் போனேன். அவர் தட்டுவதை நிறுத்தியிருந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு இயந்திரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "நீ சொன்னது சரி. அங்கே யாரும் இல்லை" என்றார். அவருக்கே புரிந்துவிட்டிருந்தது. பகல் வண்டி போனதைச் சொன்னேன். ரயில்வே ஆள் கிடங்குக்குப் போகிறார் என்பதையும் சொன்னேன். முதலாவது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது என்று நினைக்கிறேன்.

அப்போது இயந்திரம் தானாக ஓடத் தொடங்கியது. எதிர்முனையில் ஒரு மனிதன் தட்டினான்.

"இருக்கிறேன். மன்னிக்கவும். பெரிய அதிகாரி நாடு திரும்புகிறார், பிரிவு உபசார விருந்து. எல்லாரையும் படம் எடுக்கக் கீழே அழைத்துவிட்டார்கள். இதென்ன, ஒரே செய்தி தரைவரைக்கும் கிடக்கிறது?"

அருணாசலத்தின் கை விசைப்பலகைக்குப் போனது. என்ன தட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே சொற்கள்தான் வந்தன.

"அபாங். முதலில் மருந்து."

அவர் கையை எடுத்துக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தார். நான் உட்கார்ந்து தட்டினேன்: "கிடங்குக்கு நேரே போகவும். மருந்து இருக்கிறதா, கிளம்பியதா, பார்த்துவிட்டு வந்து சொல்லவும்." திட்டவில்லை. திட்டினால் அந்த ஆள் விளக்கம் தட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பான். அவன் எழுந்து ஓட வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது.

ஓடியிருக்கிறான். திரும்பி வந்து தட்டியதைச் சொல்கிறேன்: "ரயில்வே ஆள் கிடங்கு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எழுத்து எதுவும் இல்லாமல் மருந்தைத் தரமாட்டேன் என்று கிடங்குக்காரர் சொல்லிவிட்டார். நான் உங்கள் செய்தி அச்சான தாளைக் காட்டினேன். கொடுத்துவிட்டார். ரயில்வே ஆள் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறார்."

ஆகவே இளையவர்களே, என் சாமர்த்தியம் மட்டும் அன்று போதவில்லை. ரயில்வே கம்பி வழியாகப் போனது ஓர் ஆளை வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியது. ஆளில்லாத அறையில் அச்சாகிக் கிடந்த அருணாசலத்தின் செய்திதான் கிடங்குக் கதவைத் திறந்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மெயில் வெறுங்கையோடு வந்திருக்கும். இந்தக் கதையைப் பின்னாளில் பலர் என் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னார்கள். அப்படி இல்லை.

மெயில் தம்பினுக்கு வந்தது. ஆஸ்பத்திரி வேனில் அருணாசலமும் போயிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் பெட்டியைக் கையோடு கொடுத்துவிட்டு, விதிப்படி கையெழுத்து வாங்கிக்கொண்டாராம். அன்றே மீனாவுக்கு ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொண்டாள். குரல் மட்டும் வெகு நாள் கரகரவென்று இருந்தது. செமாபோக் பையன், வேன் தம்பினுக்குப் போய்க்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டான். பகல் வண்டியில் மருந்து வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டிரெசரைக் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டாக்டருக்கே தெரியாது, தங்கச்சி" என்றார். அதற்குமேல் எனக்கும் தெரியாது.

மறுநாள் அதிகாரி எங்கள் இருவரையும் அழைத்தார். மேலிடத்துக்கு அறிக்கை எழுத வேண்டும். அருணாசலம் இறந்துபோன செமாபோக் பையனைப் பற்றி எழுதச் சொன்னார். அந்த அறையில் இருக்க வேண்டியவனை வேலையை விட்டே தூக்க வேண்டும் என்றார். அதிகாரி அவரை முழுவதுமாகப் பேசவிட்டார்.

"அவனைத் தூக்கினால், அடுத்து வருபவன் மணி அடித்ததும் ஓடி வருவானா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இரண்டு முறை பெயர் வந்தால் செய்தி சேர்ந்தது என்று நம் விதி சொல்கிறது. அந்த விதி பொய். அதை மாற்றச் சொல்லி எழுதப் போகிறேன். விருந்துக்காக அறையைக் காலி செய்ததையும் எழுதுவேன். அவன் பெயரை எழுதமாட்டேன். அவனைக் கீழே அழைத்தவர்கள் அவனைவிடப் பெரியவர்கள்."

அப்படியே எழுதினார். அதன் பிறகு இயந்திரத்தின் பெயருக்குப் பின்னால் ஆளின் பெயரெழுத்துகளும் வந்தால்தான் செய்தி சேர்ந்ததாகக் கணக்கு என்றானது. ரயில்வே கம்பியைக் கேட்டதற்கு அவருக்குத் திட்டும் விழுந்தது. அதை எங்களிடம் அவர் சொல்லவில்லை. தபால் பிரிப்பவர் சொல்லித்தான் தெரிந்தது.

அதே வாரத்தில் ஒரு காலை. அருணாசலம் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தார். எதிர்முனையிலிருந்து வந்தது: "தனிப்பட்ட கேள்வி. அந்தப் பெண் குழந்தை எப்படி இருக்கிறாள்? வேறு யாரும் நோயில் இருந்தார்களா?"

தனிப்பட்ட பேச்சுக்கு அந்தக் கம்பியில் இடமில்லை. ஆனாலும் கேட்டான். அருணாசலம் நெடுநேரம் அந்த வரியைப் பார்த்தார். நான் பக்கத்து மேசையில் வேலை செய்வது போல இருந்தேன். அவர் தட்டினார். அவர் எழுந்து போனதும் தாளைப் பார்த்தேன்.

"பெண் நலம். நன்றி." அவ்வளவுதான்.

மாலையில் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒன்றாகத்தான் வந்தோம். மழைக்குப் பின் சாலை சேறாக இருந்தது. பையன் இறந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அந்தப் படத்தில் அவனும் நின்றிருப்பான்" என்றார். "ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்திருப்பார்கள். சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருப்பான். அவன் மனைவி மக்கள் தினமும் அதைப் பார்ப்பார்கள். நான் சொல்லிவிட்டால் அதைக் கழற்ற வேண்டும், ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்." கொஞ்ச தூரம் வந்த பிறகு, "நேற்றுவரை சொல்லத்தான் இருந்தேன், அடெக்" என்றார்.

அவர் செய்தது சரியா என்று பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். தெரிந்துகொள்ள வேண்டியவனிடம் மறைத்தோம் என்று சில சமயம் தோன்றும். பையனின் வீட்டார் இடத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்ற வேண்டும். ஆனால் முடிவு செய்யும் உரிமை அன்று அந்த அறையில் யாருக்காவது இருந்ததென்றால் அது அருணாசலத்துக்குத்தான். நான் அதில் கை வைக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து எதிர்முனை ஆள் ஒரு வழக்கம் தொடங்கினான். காலையில் வேலைக்கு வந்து உட்கார்ந்ததும், நாங்கள் எதுவும் கேட்காமலே, ஒரு வரி தட்டுவான்: "வந்துவிட்டேன். இருக்கிறேன்." உணவுக்கு எழுந்தால், "போகிறேன். என் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார்." எந்த விதியும் அதைக் கேட்கவில்லை. பதிலுக்கு அருணாசலமும் "இருக்கிறேன்" என்று தட்டுவார். அந்த மனிதனின் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. தமிழனா, சீனனா, மலாய்க்காரனா என்றும் தெரியாது. தட்டெழுத்துக்கு ஜாதி கிடையாது.

சில ஆண்டுகள் கழித்து ஒரு மாலை, "நாளையிலிருந்து எனக்கு மாற்றல். புதிதாக ஒருவர் வருகிறார்" என்று வந்தது. அருணாசலம் "போய் வாருங்கள்" என்று தட்டினார்.

மறுநாள் காலை வழக்கமான நேரம் வந்தது, போனது. அருணாசலம் "யார் நீ?" விசையைத் தட்டினார். உருளை சுற்றிப் பெயரைச் சொன்னது. காத்திருந்தோம். எதிர்முனையில் யாரோ விசைகளைத் தேடித் தேடித் தட்டுவது, எழுத்து எழுத்தாகத் தாளில் விழுந்தது. புதிய கை.

"இருக்கிறேன். சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்."